முக்கால் அங்குலம் குறைந்த கடிவாளம்

குதிரையைப் பற்றி எழுத நான் ஆள் இல்லை. பத்தாவது வரை படித்தவன். பார்ப்பதும் குதிரை வேலை இல்லை. சுரங்கத்து ஒர்க் ஷாப்பில் இருபத்திரண்டு வருடமாகக் கான்ட்ராக்ட் ஹெல்பர். நான்கு பேர் நின்று பேசினால் அவர்களுக்குப் பின்னால் போய் நிற்கிறவன். குதிரையோடு பிறந்து வளர்ந்தவர்கள் எவ்வளவோ பேர் இருக்க, நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

குதிரை என்னுடையது இல்லை. என் மனைவியின் தம்பியுடையது. அவன் நெய்வேலியிலும் சுற்று வட்டாரத்திலும் கல்யாணங்களுக்கு மைக் செட், பந்தல், மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை எல்லாம் ஏற்பாடு செய்கிறவன். அவனுடைய வீட்டில் இடம் கிடையாது. எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போனபோது கொடுத்த மனையில் நாங்கள் வீடு கட்டியிருக்கிறோம். பின்னால் கொஞ்சம் இடம் உண்டு. அங்கே ஷீட் போட்டுக் குதிரையைக் கட்டியிருக்கிறான். தீனி, தண்ணீர், காலையில் நடத்திக்கொண்டு போவது எல்லாம் என் பொறுப்பு.

"மாமா பேச மாட்டாரு. குதிரைக்கும் பேச்சு புடிக்காது. ரெண்டும் சேந்துகினு நிம்மதியா இருக்கும்" என்று அவன்தான் முதலில் சொன்னான். கேலியாகத்தான் சொன்னான். ஆனால் அப்படித்தான் ஆகிவிட்டது.

முதலில் ஒரு வெள்ளைக் குதிரை இருந்தது. குட்டையான பெண் குதிரை. பத்து வருடத்துக்கு மேல் மாப்பிள்ளைகளைச் சுமந்தது. ஒருத்தரையும் கீழே தள்ளியதில்லை. அதற்குப் போட்டிருந்த கடிவாளம் சிவப்புக் கம்பளிக் குஞ்சமும் சோழியும் சின்னக் கண்ணாடிகளும் வைத்தது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் என் ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் பக்கத்தில் அந்தக் கடிவாளத்தையும் வைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம். ராசியான கடிவாளம் என்று பேர் எடுத்துவிட்டது. குதிரையைப் பேசி முடிக்க வருகிற கல்யாண வீட்டுக்காரர்களே, "அந்தச் சிவப்புக் குஞ்சம் வச்சதுதானே போடுவீங்க?" என்று கேட்பார்கள்.

வெள்ளைக் குதிரை வயதாகிச் செத்துப்போனது. அதற்கப்புறம் மைத்துனன் ஒரு பழுப்புக் குதிரையை வாங்கி வந்தான். நெற்றியில் வெள்ளைப் பட்டை. வடக்கிலிருந்து வந்த சாதி, நல்ல உயரம். அதன் தலையே பழைய குதிரையின் தலையைவிட ஒன்றரை மடங்கு இருக்கும். அதற்கும் ராசிக் கடிவாளத்தைத்தான் மாட்டினோம். கன்னத்தில் வரும் தோல் வார் எட்டவில்லை. நானே புது வார் தைத்து, ஓட்டை போட்டு நீட்டினேன். தலையில் சரியாக உட்கார்ந்தது. மைத்துனன் பார்த்துவிட்டு, "அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்கு மாமா" என்றான். எனக்கும் பெருமையாக இருந்தது.

அன்றிலிருந்து நான்கு மாதம் அந்தக் குதிரை என்னை இழுத்துக்கொண்டு போனது.

காலை ஐந்தரைக்குச் சுரங்கக் கம்பெனி நகரியத்து ரோட்டில் நடத்திக்கொண்டு போவேன். இரண்டு பக்கமும் மரம், அகலமான ரோடு, முதல் ஷிஃப்ட் பஸ் போனால் அப்புறம் ரொம்ப நேரம் வண்டி வராது. குதிரைக்கு நல்ல இடம். ஆனால் கடிவாளத்தை மாட்டிய நிமிடத்திலிருந்து அது வாயைப் பிளந்துகொண்டு தலையை மேலே தூக்கும். நான் பிடித்தால் இன்னும் வேகமாக இழுக்கும். ஒருநாள் ஒரு பிளாக் முழுக்க என்னைச் செருப்பில்லாமல் ஓடவைத்தது. நகரியத்து நுழைவாயில் ஆர்ச் பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்று பார்த்தார்.

"ஏங்க, யாரு யார மேய்க்கிறீங்க?" என்றார்.

மறுநாளிலிருந்து அந்த வழியை விட்டுவிட்டு முந்திரித் தோப்புப் பக்கம் போக ஆரம்பித்தேன்.

அதன் முதல் ஊர்வலத்திலேயே மானம் போனது. மேளம் தட்டியதும் மாப்பிள்ளையோடு கிளம்பிவிட்டது. பால் பூத் வரைக்கும் ஓடி, அங்கே ஒரு லாரி குறுக்கே நின்றதால் நின்றது. மாப்பிள்ளை விழவில்லை. தலைப்பாகை மட்டும் விழுந்தது. ஆனால் அவருடைய அம்மா அழுதுவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து மைத்துனன் திட்டமாகச் சொன்னான். "அடுத்த மாசம் ஒரு கல்யாணம் ஒத்துகினு இருக்கேன் மாமா. அதுல இது ஒழுங்கா நடந்தா நம்ம வூட்டுல இருக்கட்டும். ஓடிச்சுன்னா மறுநாளே குதிரை வியாபாரிகிட்ட ஏத்தி அனுப்பிடுவேன். மாப்பிள்ளைய கொன்னுட்டு ஜெயிலுக்குப் போக என்னால முடியாது."

அவன் சொன்னதில் தப்பில்லை. அந்த வியாபாரியை எனக்குத் தெரியும். அவர் வாங்கும் குதிரைகள் கடற்கரைக்குப் போகும். நாள் முழுக்க வெயிலில் ஆள் மாற்றி ஆள் சுமக்க வேண்டும். இழுக்கிற குதிரை என்று பேர் வாங்கியதற்கு அங்கே வாயில் என்ன மாட்டுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

மைத்துனன் அடுத்த வாரமே அதை வாங்கி வந்துவிட்டான். முள் கடிவாளம். வாய்க்குள் போகும் இரும்பில் சின்னச் சின்ன முள்ளாக வைத்திருக்கும். வாரை இழுத்தால் முள் வாயில் குத்தும்.

"பெரிய வண்டிக்குப் பெரிய பிரேக் போடணும் மாமா. நீங்க மைன்ஸ்ல இருக்கீங்க, ஒங்களுக்கு நான் சொல்லணுமா?" என்றான்.

அவன் சொன்ன கணக்கு எனக்கும் சரியாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் யோசிப்போம். ஒரு சங்கிலி போதாது என்றால் இரண்டு சங்கிலி. ஆனாலும் அதைக் கையில் எடுத்தபோது, மாட்டுவதற்கு முன் ஒரு தடவை கால்நடை டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று தோன்றியது. பல் கோளாறு இருந்தாலும் குதிரை இழுக்கும் என்று எங்கோ கேட்டிருந்தேன். மைத்துனனிடம் சொல்லவில்லை.

டாக்டரம்மா வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "பல்லு நல்லா இருக்குங்க. ஆனா உதட்டு ஓரத்துல ரெண்டு பக்கமும் புண்ணு இருக்கே. உள்ள கன்னத்துலயும் தழும்பு. என்ன போடுறீங்க இதுக்கு?" என்று கேட்டார். மருந்து எழுதிக் கொடுத்தார். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் புண் என்றால் அது இழுத்ததால் மட்டும் வந்ததாக இருக்காது. ஒர்க் ஷாப்பில் ஒரு தண்டு இரண்டு முனையிலும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் நாங்கள் முதலில் அளவைத்தான் பார்ப்போம். அன்று சாயங்காலம் ஒயரிங் வேலைக்கு வாங்கி மிச்சமிருந்த பிளாஸ்டிக் பைப்பில் ஒரு முழம் வெட்டினேன். முனையைத் தேய்த்து வழவழப்பாக்கிக் குதிரையின் வாயில் குறுக்கே வைத்து, உதடு முடியும் இடத்தில் இரண்டு பக்கமும் பேனாவால் கோடு போட்டேன். வெளியே எடுத்து டேப்பை வைத்தேன். ஐந்தேகால் அங்குலம். ராசிக் கடிவாளத்தின் இரும்பை அளந்தேன். நாலரை.

முக்கால் அங்குலம் குறைவு. தோலை நீட்டினோம், இரும்பை யாரும் பார்க்கவில்லை. நான்கு மாதமாக நாங்கள் அந்தக் குதிரையின் வாயை இரண்டு பக்கமும் இடுக்கியால் பிடித்துக்கொண்டு, ஏன் ஓடுகிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். ஒரு நூல் அளவு கூடினால் பேரிங்கைத் திருப்பி அனுப்புகிற ஒர்க் ஷாப்பில் வேலை பார்க்கிறவன் நான். அந்தப் பைப்பைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன்.

என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"தம்பிகிட்ட சொல்றதுதானே?"

"சொல்லணும்."

"சொல்லணும் சொல்லணும்னு சொல்லிகினே இருங்க. அது கடல்ல போய் நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

சொன்னேன். அவன் நம்பவில்லை. "அந்தக் கடிவாளத்துல ஒரு மாப்பிள்ளையும் வுழுந்ததில்ல மாமா. கடிவாளத்த குத்தம் சொல்லாதீங்க" என்றான். சண்டை போட எனக்கு வராது. புண் ஆறும் வரை வாயில் எதையும் மாட்டவில்லை. தலைக்கயிறு மட்டும் போட்டுத் தோப்புக்குள்ளேயே நடத்தினேன். அந்த நாட்களில் மனைவியின் செல்போனை வாங்கி, கடிவாளங்களைப் பற்றிய வீடியோக்களைப் பார்த்தேன். பாதி இந்தியில் இருந்தன. சத்தத்தை அணைத்துவிட்டு அவர்களுடைய கையை மட்டும் பார்த்தேன்.

பலமான குதிரையை அடக்க உலகத்தில் எத்தனையோ சாமான் இருக்கிறது. தாடைக்குக் கீழே சங்கிலி போடுகிறார்கள். தலையைத் தூக்க முடியாதபடி மார்புப் பட்டையோடு சேர்த்து வார் கட்டுகிறார்கள். சுருக்குப் போல இறுகும் மூக்குக் கயிறும் இருக்கிறது. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தேன். அவையெல்லாம் கெட்டவை என்று சொல்லவில்லை. பழகியவர் கையில் சரியாக இருக்கலாம். என் கை பழகிய கை இல்லை. தலையைக் கட்டிவைத்து, மேளத்துக்கு நடுவில் அது கால் இடறினால் மேலே இருக்கிற மனிதர் என்ன ஆவார் என்றும் யோசித்தேன்.

கடைசியில் நான் வரவழைத்தது சாதாரணச் சாமான்தான். ஐந்தரை அங்குல இரும்பு. முள் கிடையாது. விரல் தடிமன், வழவழப்பு, நடுவில் ஒரு மூட்டு. மெல்லிய இரும்பு ஒரே இடத்தில் வெட்டும். தடித்தது அழுத்தத்தைப் பரப்பும். அகலமான மூக்குப்பட்டை ஒன்று. அதற்கு உள்பக்கம் பழைய வேட்டித் துணியை மடித்துத் தைத்தேன். இரண்டு விரல் நுழையும்படி இறுக்கினேன். கையில் பிடிக்கும் வாருக்கு நைலான் வேண்டாம் என்று பருத்தி நாடா. நைலான் என் உள்ளங்கையை அறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது.

முதல் நாள் மாட்டியபோது குதிரை மென்றுகொண்டே இருந்தது. நுரை தள்ளியது. வாயைப் பிளக்கவில்லை. மறுபடி ரோட்டுக்குக் கொண்டுபோனேன். நான்கு விளக்குக் கம்பம் தாண்டும்வரை என் பக்கத்திலேயே நடந்தது. அப்புறம் இழுத்தது. அது பலமான குதிரை, அந்தப் பலம் எங்கும் போகவில்லை. ஆனால் இப்போது நிறுத்தினால் நின்றது. அதற்கு நான்தான் மாறவேண்டியிருந்தது. பிடித்தால் பிடித்துக்கொண்டே இருப்பது என் வழக்கம். பிடி, அது செவி கொடுத்ததும் விடு, மறுபடி பிடி. இந்த விடுவதுதான் எனக்கு வரவில்லை. பயத்தில் கை தானாக இறுகிக்கொள்ளும். பத்து நாள் பழகியதில் ஓரளவு வந்தது.

கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முதல் நாள் சனிக்கிழமை சாயங்காலம், பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம். அன்று எனக்கு முதல் ஷிஃப்ட். இரண்டு மணிக்கு முடிந்திருக்க வேண்டியது. ஒரு மோட்டார் வேலை இழுத்துக்கொண்டதில் நாலரை ஆகிவிட்டது. நேராகக் கோயிலுக்குப் போனேன். மைத்துனன் குதிரையை அலங்காரம் செய்து ஏற்கெனவே கொண்டுவந்திருந்தான்.

தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. தலை மேலே. வாய் திறந்திருந்தது. சிவப்புக் குஞ்சமும் சோழியும் வெயிலில் மின்னின. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ராசிக் கடிவாளத்தின் தோலில், பழைய இரும்பைக் கழற்றிவிட்டு முள் இரும்பைக் கோத்திருந்தான். உதட்டு ஓரத்தில் ரத்தம் இல்லை. ஆனால் எச்சிலில் லேசாகச் சிவப்பு.

"அவுங்க போட்டோல பாத்துட்டு இதுதான் வேணும்னாங்க மாமா. நான் என்னா பண்றது? அதான் முள்ளும் போட்டுட்டேன், ஓடாது" என்றான் மெதுவாக.

மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். சுரங்கத்தில் பர்மனென்ட் வேலை. கல்யாண வேலை முழுக்க அவர் தலையில். "நேரமாவுது, ஏத்துங்க" என்றார். மேளக்காரர்கள் பட்டையைத் தோளில் மாட்டிவிட்டார்கள். ஒரு இருநூறு பேர் இருப்பார்கள்.

என் காது சூடாகிவிட்டது. "இத மாத்தணுங்க" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. "இந்த இரும்போட மாப்பிள்ளைய ஏத்த மாட்டேங்க. வீட்டுல வேற கடிவாளம் இருக்கு. இருபது நிமிஷம் குடுங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னாப்பா, ஊர்வலம் கிளம்புற நேரத்துல ஸ்பேர் பார்ட்ஸ் மாத்துறேங்கிற?" என்றார் தாய்மாமன். சிலர் சிரித்தார்கள்.

"மாமா, என் மானத்த வாங்காதீங்க" என்று மைத்துனன் என் காதில் சொன்னான்.

"நீ போய் எடுத்துகினு வா. ஷெட்டுல ஆணியில மாட்டியிருக்கு" என்றேன். அதற்குள் என் கை கொக்கியைக் கழற்ற ஆரம்பித்திருந்தது. முள் இரும்பை வாயிலிருந்து எடுத்துக் கீழே போட்டேன். இனி யார் சொன்னாலும் அதை நான் மறுபடி மாட்ட மாட்டேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அந்த இருபது நிமிடம் என் வாழ்க்கையில் நீளமானது. தலைக்கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டு நடு ரோட்டில் நின்றேன். செல்போனில் படம் எடுத்தார்கள். மேளக்காரர்கள் சும்மா நிற்க மாட்டாமல் வாசிக்க ஆரம்பித்தார்கள். குதிரை நாக்கை நீட்டி நீட்டி உதட்டை நக்கிக்கொண்டிருந்தது. காது மேளத்துப் பக்கம் போய்ப் போய் வந்தது. ஆனால் நின்றது.

மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றார். ஒல்லியான பையன், மாலை கழுத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"அண்ணே, இது ஓடுமா?"

"ஓடாதுங்க."

"எனக்கு பயமா இருக்கு அண்ணே. மாமாதான் குதிரை வேணும்னாரு."

"எனக்கும் பயம்தாங்க" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் சிரித்தார். குதிரையின் கழுத்தில் கை வைத்தார். அப்புறம் அங்கேயே நின்றார்.

மைத்துனன் சாதாரணப் பழுப்புக் கடிவாளத்தோடு திரும்பி வந்தபோது தாய்மாமனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னா இது, மாட்டுக் கயிறு மாதிரி இருக்கு. குஞ்சம் எங்க?" என்றார். பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு அம்மா வந்து, தன் கையிலிருந்த கதம்பத்தை நீளமாக எடுத்து நெற்றிப்பட்டையில் சுற்றிக் கட்டினார். "இப்ப பாருங்க, லட்சுமி கடாட்சமா இருக்கு" என்றார். தாய்மாமன் மேளக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

ஊர்வலம் கிளம்பியது. நான் குதிரையின் தலைப்பக்கத்தில் நடந்தேன். மேளம் பின்னால் வந்தது. இரண்டாவது திருப்பத்தில் யாரோ சரவெடியைக் கொளுத்தினார்கள். குதிரை குதித்தது. முன்னால் பாய்ந்தது. என் கை இறுகியது. இறுகியது தெரிந்தது. விட்டேன். மறுபடி பிடித்தேன். பத்து அடி, பதினைந்து அடி போயிருக்கும். மாப்பிள்ளை குனிந்து பிடரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். குதிரை தலையை ஒரு தடவை உதறிவிட்டு நின்றது. வழியில் முன்னால் நின்ற தாய்மாமனின் புதுச் செருப்பின் மேல் ஒரு காலை வைத்து நின்றது. அவருடைய கால் அதற்குள் இல்லை. நல்லவேளையாக அவர் செருப்பை விட்டுவிட்டுக் குதித்திருந்தார்.

"இன்னா, எங்க மாமாவ மட்டும் குறி வச்சு வந்துச்சா?" என்று மேலே இருந்த மாப்பிள்ளை கேட்டார். அவர் குரல் நடுங்கியது. ஆனால் எல்லோரும் சிரித்தார்கள், தாய்மாமனும்.

மண்டபம் வரைக்கும் அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை இறங்கி, என் பக்கம் திரும்பித் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

குதிரையை மண்டபத்துக்குப் பக்கத்தில் வேப்பமரத்தில் கட்டித் தண்ணீர் வைத்தேன். மைத்துனன் இரண்டு டம்ளரில் காபி வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நாளைக்கு வரச் சொல்லியிருந்த வியாபாரிக்குப் போன் பண்ணிட்டேன் மாமா. வர வேணாம்னு."

"எப்போ?"

"கடிவாளம் எடுக்க வூட்டுக்குப் போனேனே, அப்ப."

"அப்ப ஊர்வலமே கிளம்பலையே. ஓடியிருந்தா?"

அவன் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தான். "பதினெட்டு வருசமா எங்க அக்காவோட இருக்கீங்க. நாலு பேருக்கு முன்னாடி நீங்க வாயத் தொறந்து நான் பாத்ததில்ல. நீங்களே அவ்ளோ தூரம் சொல்றீங்கன்னா அதுல ஏதோ இருக்கும்னுதான்" என்றான். அப்புறம், "இனிமே எல்லாத்துக்கும் இப்டி கத்தாதீங்க" என்றும் சொன்னான்.

நான் சரி என்றேன்.

மறுநாள் காலையிலிருந்தே மழை. குதிரையை வெளியே எடுக்கவில்லை.